வாயில் காவலும் நச்சுநிரலும்

ஆவடிக்கு அணித்தாயுள்ள முத்தாபுதுப்பேட்டையினின்று நாள்தோறும் நம் கல்லூரிக்கு வரும் நண்பர் ஒருவர் உளர். எம்மோடு தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயில்பவர். அவர் ஈராண்டுகளாகத் தம் ஊரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சுற்றி, முதிய பெண்டிர் பாடும் தாலாட்டுக்களையும் ஒப்பாரிகளையும் கேட்டெழுதித் தொகுத்து வந்தார். அவற்றைப் பாடிக்கொடுத்த மூதாட்டியருள் ஒருவர் சென்ற தைத் திங்களில் காலமானார். ஆதலின் அவ்வம்மையாரின் பாட்டுக்கள் அத்தொகுப்பிலன்றி வேறெங்கும் இல. அத்தொகுப்போ, கட்டைவிரல் அளவினதாகிய ஒரு பென்டிரைவிலன்றி வேறெங்கும் இல்லை.

மாசித் திங்களில் ஒரு நாள், கட்டுரை ஒன்றை அச்செடுக்க வேண்டி, வழியிலிருந்த ஒரு கடையின் கணிப்பொறியில் நண்பர் அதனைச் செருகினார். வீடு திரும்பித் தம் மடிக்கணினியில் திறந்து பார்த்தபோது, கோப்புக்கள் இருந்த இடத்தில் அவற்றின் பெயரையே தாங்கி, மூலையில் சிறு வளையம்பு பொறித்த குறிகள் மட்டுமே காணப்பட்டன. அவற்றுள் ஒன்றை அழுத்தவே மடிக்கணினியும் நோயுற்றது. மறுநாள் முகம் வாடி வந்த அவரை, எம் ஆய்வுக்கூடத்தில் லினக்ஸ் ஏற்றப்பட்ட ஒரு கணிப்பொறியினிடம் அழைத்துச் சென்றோம். பென்டிரைவைச் செருகிய அளவில், தாலாட்டும் ஒப்பாரியும் ஒன்றும் குறையாமல் வரிசையாகத் தோன்றின. அவற்றின் நடுவே, இன்னதென விளங்காத பெயருடைய அயற்கோப்பு ஒன்றும் அசைவின்றிக் கிடந்தது. அதுவே நச்சுநிரல்.

பென்டிரைவ் ஒன்று, நச்சும் ஒன்று. ஒரு கணிப்பொறியில் அது கூத்தாடியது. மற்றொன்றில் செத்த பாம்பெனக் கிடந்தது. இதற்குக் காரணம் யாது? சில இயங்குதளங்களை நச்சுநிரல் எளிதிற் பற்றுவதும், சிலவற்றை அங்ஙனம் பற்றாமையும் எதனால்? இதனை ஆராய்வதே யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் சொற்பொருளைத் தெளிவோம். கணிப்பொறியில் நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை முதலிய உறுப்புக்கள் பல. அவ்வுறுப்புக்களையெல்லாம் ஒருங்கே ஆண்டு, எந்த நிரலுக்கு எதனை எவ்வளவு கொடுப்பதென்று அறுதியிடும் தலைமை மென்பொருளே இயங்குதளம் எனப்படும். திருமறை உவமைகளில் வரும் உக்கிராணக்காரனை இது பெரிதும் ஒக்கும். வீட்டுப்பொருள் அனைத்தும் அவன் கையில் உள. எவர்க்கு எவ்வளவு அளப்பதென்பது அவன் பொறுப்பு. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்பன யாவும் இவ்வகையின.

நச்சுநிரல் என்பதும் ஒரு நிரலே. கணக்குப் போடும் நிரல் எவ்வாறு மனிதன் எழுதிய கட்டளைகளின் கோவையோ, இதுவும் அவ்வாறே. பிற கோப்புக்களில் தன்னை ஒட்டவைத்துப் பெருகுவது வைரஸ். தானே வலைவழி ஊர்ந்து செல்வது புழு. நல்லது போல் வேடம் பூண்டு வருவது மாறுவேட நிரல். வழக்குப் பற்றி இம்மூன்றனையும் நச்சுநிரல் என்றே ஈண்டுக் கூறுவோம். உயிருள்ள நோய்க்கிருமியைப்போல இதற்கெனத் தனி ஆற்றல் ஒன்றும் இல்லை. தன்னை இயக்கியவர்க்கு அக்கணிப்பொறியில் எவ்வளவு அதிகாரம் உண்டோ, அவ்வளவே இதற்கும் உண்டு. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

முத்தாபுதுப்பேட்டையார்க்கு விமானப்படை நிலையத்தின் வாயில் புதியதன்று. வாயிலில் அடையாளச் சீட்டைக் காட்டி உட்புகுந்தவர் அனைவரும் எல்லா இடத்திற்கும் செல்லலாம் என்பது இல்லை. சமையற்கூடத்தில் பணிபுரிபவர்க்குச் சமையற்கூடம், பண்டசாலையாளர்க்குப் பண்டசாலை. ஆதலின் கள்வன் ஒருவன் சமையற்காரரின் சீட்டைத் திருடி உள்ளே நுழைந்தாலும், அவனாற் கெடுவது சமையற்கூடத்தோடு நிற்கும். அவரவர் தொழிலுக்கு வேண்டிய அளவு அதிகாரமே அவரவர்க்கு என்னும் இம்முறைதான் இயங்குதளக் காவலின் அடிப்படை.

இம்முறை சில இயங்குதளங்களில் தொடக்கத்திலேயே அமைந்ததும், சிலவற்றிற் பின்னர்ப் புகுத்தப்பட்டதும் வரலாற்றின் விளைவு. யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோரால் தொடங்கப்பட்டது. அக்காலத்துக் கணிப்பொறி விலைமிக்கது. ஒன்றனையே பலர் பகிர்ந்து பயன்படுத்தினர். மாணவர் விடுதியில் அறைதோறும் தனிப்பூட்டு இருப்பது போல, ஒருவர் கோப்பை மற்றொருவர் கெடுக்காதபடி காத்தல் அங்கு இன்றியமையாததாயிற்று. எனவே யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்பிற்கும், உடையவர், குழுவினர், பிறர் என மூவகையார் வகுக்கப்பட்டனர். படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூவகை உரிமைகள் அவரவர்க்குத் தனித்தனியே அளக்கப்பட்டன. தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம் பகுத்த நம் இலக்கணத்தை இப்பகுப்பு நினைவூட்டும். விடுதிக் காப்பாளர் போன்ற தலைமைப் பயனர் ஒருவர்க்கே எல்லா அறைகளின் திறவுகோலும் உண்டு. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் இம்மரபினையே பின்பற்றியது. 2001 முதல் வெளிவரும் இக்கால மேக் இயங்குதளமும் யூனிக்ஸ் வழியினதே.

1981-இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் என்பதோ, ஒருவரே வைத்துப் பயன்படுத்தும் சிறு கணிப்பொறிக்கென அமைந்தது. ஒருவர் மட்டும் வாழும் குடிசையில் உட்கதவு எதற்கு? ஆதலின் அதன்கண் எந்த நிரலும் எவ்விடத்திலும் எழுதலாம், தடுப்பார் இலர். 1986-இல் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெய்ன்' என்னும் நச்சுநிரல் இத்தகைய கணிப்பொறிகளின் நெகிழ்தட்டுக்களைப் பற்றி நாடுவிட்டு நாடு பரவியது. அதனுள் அவர்கள் தம் பெயரையும் முகவரியையும் எழுதி வைத்திருந்தனர் என்பது வியப்பு. டாஸின் வழிவந்த பழைய விண்டோஸ் பதிப்புக்களும் இக்குறையினின்று நீங்கவில்லை. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி உட்சுவர்களோடு கட்டப்பட்டது உண்மையே. ஆயினும் 2001-இல் அவ்வழியில் வந்த எக்ஸ்பி பதிப்பு இல்லங்களிற் புகுந்தபோது, வீட்டுப் பயனர் ஒவ்வொருவரும் பெரும்பாலும் தலைமைப் பயனராகவே அமர்த்தப்பட்டார். சுவர் இருந்தும், எல்லாத் திறவுகோலும் எல்லார் கையிலும் இருந்தன. 2007-இல் மக்களிடம் வந்த விஸ்டா பதிப்புமுதல், முதன்மையான மாற்றம் எதனையும் செய்யுமுன் 'இதனை அனுமதிக்கலாமா?' என்று கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. ஆகவே இற்றை விண்டோஸைப் பழைய விண்டோஸாகவே எண்ணிப் பழித்தல் நேர்மையன்று.

நிற்க. உட்சுவரின் பயனுக்கு ஓர் எல்லை உண்டு. அது காப்பது இயங்குதளத்தையும் பிற பயனரையுமே. நண்பரின் தாலாட்டுக்கள் தலைமைப் பயனர்க்குரியன அல்ல, நண்பர்க்கே உரியன. நண்பரின் பெயரால் இயங்கும் நச்சுநிரல், லினக்ஸிலேயே ஆயினும், அவற்றை அழிக்க வல்லது. இயங்குதளம் நலமாக இருக்கப் பாட்டு மட்டும் போய்விட்டால் அதனால் என்ன ஆறுதல்? எனவே நச்சுநிரல் இயங்கத் தொடங்காமலே தடுக்கும் காவலும் வேண்டும்.

யூனிக்ஸ் வழியினவற்றில் ஒரு கோப்பு நிரலாக இயங்குவதற்கு, 'இதனை இயக்கலாம்' என்னும் உரிமைக்குறி அதன்மேல் இருத்தல் வேண்டும். இணையத்தினின்று இறக்கிய கோப்பிற்கு அக்குறி தானே வாராது. பயனர் வேண்டுமென்றே இடல் வேண்டும். விண்டோஸிலோ கோப்பின் பெயர் முடியும் விகுதியே அதனை இயக்கத் தகுந்ததாக்குகிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் பிலிப்பைன்ஸ் நாட்டினின்று புறப்பட்டு உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' என்னும் நச்சுநிரல் இதனையே வாயிலாகக் கொண்டது. காதற்கடிதம் என்னும் பெயரோடு ஒரு கோப்பு மின்னஞ்சலில் வந்தது. வெறும் எழுத்துக்கோப்பிற்குரிய விகுதி கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பின்னிருந்த, நிரலுக்குரிய உண்மை விகுதியை விண்டோஸ் தன் வழக்கப்படி மறைத்துவிட்டது. கடிதமென எண்ணித் திறந்தோரின் படக்கோப்புக்கள் பாழாயின; அவர்தம் முகவரிப் பட்டியலில் இருந்தார்க்கெல்லாம் அந்நஞ்சு அவர் பெயராலேயே சென்றது.

இதனைக் கேட்கும் தமிழ் மாணவர்க்குப் பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் வரலாறு நினைவிற்கு வாராதிராது. திருக்கோவலூர் மன்னரைப் போரில் வெல்ல மாட்டாத முத்தநாதன், திருநீறு பூசித் துறவிக்கோலம் பூண்டு, கையில் ஏந்திய சுவடிக் கட்டினுள் வாளை மறைத்து வந்தான். கோலத்தைக் கண்ட வாயில் காவலர் வழிவிட்டனர். உள்வாயிலில் நின்ற தத்தன் ஒருவனே, மன்னர் துயில்கின்றார், காலம் அறிந்து செல்க என்று தடுத்தான். ஆயினும் ஆகமம் கொண்டுவந்தேன் என்ற சொல் அவனையும் கடந்து சென்றது. சுவடி அவிழ்ந்தபோது வெளிப்பட்டது வாள். கோலத்தைப் பார்த்து வழிவிடுவது ஒரு காவல். கட்டினை அவிழ்த்துப் பார்ப்பது மற்றொரு காவல். பெயர் விகுதியை நம்பும் இயங்குதளம் முன்னதைச் செய்கிறது. உரிமைக்குறியைக் கேட்கும் இயங்குதளம் பின்னதை நோக்கி ஓரடி எடுத்து வைக்கிறது.

தானே இயங்குதல் என்னும் வசதியும் இவ்வகைத் தீங்கிற்கு இடந்தந்தது. குறுந்தட்டையோ பென்டிரைவையோ செருகியவுடன், அதிலுள்ள நிரலைப் பயனர் கேளாமலே தொடங்கும் வழக்கம் விண்டோஸில் நெடுங்காலம் இருந்தது. 2008-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய கான்பிக்கர் என்னும் புழு இவ்வழியையும் பயன்படுத்திக்கொண்டது. 2011-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் பழைய பதிப்புக்களிலும் பென்டிரைவுக்குரிய இவ்வசதியை நிறுத்தியது. அதன்பின் நச்சுநிரல் எழுதுவோர் வேறு சூழ்ச்சி கண்டனர். அதுவே நம் நண்பரை வீழ்த்திய வளையம்புக் குறி. உண்மைக் கோப்பினை 'மறைவு' என்னும் அடையாளமிட்டு ஒளித்து, அதன் பெயரால் ஒரு குறுக்குவழிக் குறியை வைப்பர். அதனை அழுத்தினால் முதலில் நச்சுநிரல் இயங்கும். பின்னர்க் கோப்பும் திறக்கும். ஆதலின் பலர் ஐயுறுவதே இல்லை.

எம் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்ததன் மறைபொருள் இப்போது விளங்கும். அந்நச்சுநிரல் விண்டோஸின் மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸில் அதனைப் படித்து நடத்துவார் இலர். 'மறைவு' என்னும் அடையாளம் விண்டோஸின் வழக்கு. லினக்ஸோ, புள்ளியில் தொடங்கும் பெயருடையவற்றையே மறைக்கும். ஆதலின் ஒளித்தவை எல்லாம் வெளிப்பட்டன. இவை வேற்றுமையால் விளைந்த நன்மைகளேயன்றி வலிமையால் விளைந்தன அல்ல என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ஒரு வீட்டின் சாவிக்காகச் செய்த கள்ளச்சாவி மற்றொரு வீட்டில் நுழையாதிருப்பது, அம்மற்றை வீட்டின் பூட்டு உயர்ந்தது என்பதற்குச் சான்றாகாது.

இவ்வேற்றுமையின் பயன் எத்துணைப் பெரிது என்பதற்கு, நம் மக்கள் வியர்வை சிந்திய இலங்கை மலைநாடே சான்று பகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அங்கு மலைமலையாகக் காப்பிச் செடியொன்றே பயிரிடப்பட்டது. தமிழ்நாட்டினின்று சென்ற தொழிலாளரே அத்தோட்டங்களை உருவாக்கினர். 1869-ஆம் ஆண்டில் இலைத்துரு என்னும் பூஞ்சண நோய் அங்கே காணப்பட்டது. ஒரே செடி, ஒரே வகை, இடையீடின்றி வளர்ந்திருந்தமையின், ஒன்றைப் பற்றிய நோய் அனைத்தையும் பற்றிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் காப்பித் தொழில் அங்கு வீழ்ந்து, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. உலகின் மேசைக் கணிப்பொறிகளிற் பெரும்பாலன விண்டோஸ் ஏற்றியவை. திருடுவோனும் ஊதியம் கருதியே உழைக்கிறான். ஒரு நஞ்சால் கோடிக்கணக்கான பொறிகளைப் பற்றலாம் என்றால் அதற்கே எழுதுவான். மேசைக் கணிப்பொறிகளில் லினக்ஸிற்கு நச்சுநிரல் அருகியிருப்பதற்கு, அதனை ஆள்வோர் சிலரே என்பதும் ஒரு காரணம்.

எண்ணிக்கை ஒன்றே காரணம் என்பாரும் உளர். அதுவும் முற்றிலும் பொருந்தாது. இணையத்தைத் தாங்கும் வழங்கிகளில் மிகப் பலவும், 2017 நவம்பர் முதல் உலகின் மிக விரைந்த 500 கணிப்பொறிகள் அனைத்தும் லினக்ஸையே கொண்டவை. அவற்றைத் தாக்க விழைவோர்க்குக் குறைவில்லை. ஆயினும் அங்கே பயிற்சியுடையோர் காவல் செய்கின்றனர். காதற்கடிதத்தைத் திறந்து பார்ப்பார் இலர். காவல் நெகிழ்ந்தவிடத்து அவையும் வீழ்கின்றன என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

இனி, மென்பொருள் வரும் வழியைக் கருதுவோம். விண்டோஸ் பயன்படுத்துவோர் தமக்கு வேண்டிய நிரலை இணையத்தில் தேடி, எவரோ ஒருவர் வைத்த இடத்தினின்று இறக்கிக்கொள்வது நெடுநாள் வழக்கம். விலை கொடுக்க இயலாத நம் மாணவரோ, பூட்டுடைத்த திருட்டுப் பதிப்பை நண்பரிடமிருந்து பெறுவர். அப்பதிப்போடு யாது ஒட்டி வருகிறதென்று யார் அறிவார்? 1993-இல் தொடங்கிய டெபியன் முதலிய லினக்ஸ் வழங்கல்களில், ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் ஒரே களஞ்சியத்தில் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றனையும் பொறுப்பாளர் ஒருவர் ஆய்ந்து சேர்க்கிறார். இடைவழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு மறையெழுத்து முத்திரை உண்டு. முத்திரை பொருந்தாவிடில் கணிப்பொறி ஏற்காது. சந்தையில் முன்பின் அறியாதான் கையில் மருந்து வாங்குவதற்கும், மருத்துவமனை மருந்தகத்தில் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

இம்முறை நம் நகரத்திற்கு அயலானதன்று. மையஅரசின் சி-டாக் நிறுவனத்தினர் சென்னையில் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கவல்லது. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. பாதுகாப்பு அமைச்சகத்துக் கணிப்பொறிகளில் விண்டோஸிற்கு மாற்றாக, உபுண்டு லினக்ஸை அடியாகக் கொண்ட 'மாயா' என்னும் இயங்குதளம் ஏற்றப்படவிருப்பதாக 2023 ஆகஸ்டில் செய்தித்தாள்கள் எழுதின. வீட்டு மடிக்கணினியில் லினக்ஸ் இருந்தும் அதனைத் திறந்து பாராதவர் நம்முள் எத்துணையர்!

லினக்ஸின் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கதாய் வெளியிடப்பட்டிருத்தல் மற்றொரு காவலாகும். பலர் படிக்கும் சுவடியில் இடைச்செருகல் நெடுநாள் மறைந்திராது என்பது பதிப்பாசிரியர் அறிந்ததே. 2024 மார்ச்சு மாதத்தில் இது மெய்ப்பட்டது. 'எக்ஸ்இசட்' என்னும் கோப்புச்சுருக்கு நிரலில், ஈராண்டுக்கு மேலாக நல்லவர் போல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் கள்ளவாயில் ஒன்றை மறைவாய் அமைத்திருந்தார். தொலைக் கணிப்பொறியில் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர் ஆராய்ந்து அதனைக் கண்டு, 29-ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். பெரும்பாலான கணிப்பொறிகளை அஃது எட்டுமுன் தடுக்கப்பட்டது. ஆனால் நூல் திறந்திருப்பது வேறு. அதனைப் படிப்பது வேறு. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் பிழை, திறந்த மூலநிரலில் ஈராண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது.

பிழை இல்லாத இயங்குதளம் உலகில் இல்லை. ஆதலின் பிழை தெரிந்தபின் எத்துணை விரைவில் திருத்துகிறோம் என்பதும் காவலின் பகுதியே. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸின் ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, மே 12-ஆம் நாள், 'வான்னாகிரை' என்னும் புழு அதே ஓட்டையின் வழியே புகுந்து, 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கணிப்பொறிகளின் கோப்புக்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. திருத்தத்தை ஏற்றியிருந்தோர் அப்புழுவினின்று தப்பினர். விண்டோஸ் 10 பதிப்பிற்குரிய வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. அதன்பின்னும் ஏற்பாடின்றி அதனையே வைத்திருப்பது, கதவின் தாழ் தேய்ந்ததை அறிந்தும் உறங்கச் செல்வதை ஒக்கும்.

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு, லினக்ஸையும் மேக்கையும் நஞ்சு அணுகாது என்று எவரேனும் முடிபு கொள்வரேல் அது பெரும்பிழை. 1983 நவம்பரில் பிரெட் கோஹன் என்னும் அமெரிக்க மாணவர் நச்சுநிரலின் தன்மையை அறியச் செய்த முதற்சோதனை யூனிக்ஸ் ஏற்றிய கணிப்பொறியிலேயே நடந்தது. ஒரு மணி நேரத்திற்குள் அது தலைமைப் பயனரின் அதிகாரம் முழுவதையும் பெற்றது. 1988 நவம்பர் 2-ஆம் நாள் ராபர்ட் மாரிஸ் என்னும் மாணவர் விட்ட புழு, அன்றைய சிறு இணையத்தில் யூனிக்ஸ் கணிப்பொறிகளையே நிலைகுலைத்தது. 2012-இல் 'பிளாஷ்பேக்' என்பது ஏறத்தாழ ஆறு இலட்சம் மேக் கணிப்பொறிகளைப் பற்றியது. 2016-இல் 'மிராய்' என்பது, லினக்ஸில் இயங்கும் காவற்படக்கருவிகள் முதலியவற்றுள், விற்கும்போது இட்ட கடவுச்சொல்லை எவரும் மாற்றாமையின் எளிதாகப் புகுந்தது. பூட்டு நல்லது, திறவுகோலோ வாயிற்படியிலேயே கிடந்தது.

நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. அங்கு ஒவ்வொரு செயலிக்கும் தனியறை உண்டு. ஆயினும் 2024-ஆம் ஆண்டில், திருமண அழைப்பிதழ் என்னும் பெயரால் வாட்ஸாப்பில் வரும் கோப்புக்களைத் திறவாதீர் என்று இந்தியாவின் பல பகுதிகளிற் காவல்துறையினர் எச்சரிக்க நேர்ந்தது. அழைப்பிதழ் என்று வந்தது உண்மையில் ஒரு செயலி. 'களஞ்சியத்திற்கு வெளியேயிருந்து வருகிறது, ஏற்கலாமா?' என்று கைப்பேசி கேட்கிறது. நாம் ஆம் என்கிறோம். 'குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா?' என்று கேட்கிறது. அதற்கும் ஆம் என்கிறோம். வங்கிக் கணக்கு வெறுமையான பின் கைப்பேசியை நோவதனாற் பயன் என்னை? தத்தன் தடுத்தும் முத்தநாதனை உள்ளே அழைத்துக்கொண்டவர் நாமே.

நம் நாட்டிலேயே, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது கருதத்தக்கது. செப்டம்பர் 4-ஆம் நாள் தகவல் கிடைத்து ஆராய்ந்ததில், அலுவற்பணிக்காக இணையத்தோடு தொடர்புற்ற வலையிலிருந்த ஒரு கணிப்பொறி நச்சுநிரலாற் பற்றப்பட்டிருந்தது என்பதை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-ஆம் நாள் ஒப்புக்கொண்டது. அணுவுலையை ஆளும் உள்வலை அவ்வலையினின்று பிரிக்கப்பட்டிருந்தமையின் அது தீண்டப்படவில்லை என்றும் அறிவித்தது. புறமதில் ஒன்று வீழ்ந்தாலும் உள்மதில் காக்க வேண்டும் என்பதே இதிலிருந்து யாம் பெறும் பாடம். மதிலைக் காத்தலை நொச்சி எனத் தனித்திணையாக வகுத்த நம் முன்னோர், அகழி, காவற்காடு, மதில் எனக் காவலை அடுக்கடுக்காக அமைத்ததும் இக்கருத்துப் பற்றியே.

ஆகவே, இயங்குதளம் ஒன்று நச்சுநிரலுக்கு எளிதில் இரையாகாமைக்குக் காரணம் அதன் பெயரன்று. அதிகாரத்தை அளந்து கொடுத்தல், கேளாமல் எதனையும் இயக்காமை, அறிந்த களஞ்சியத்தினின்றே மென்பொருள் பெறுதல், பலர் கண்ணிற்குத் திறந்திருத்தல், பழுதை உடனே நீக்குதல், ஒரே பயிராய் நில்லாமை என்பனவே அதன் காவல்கள். லினக்ஸில் இவற்றுட் பல தொடக்கத்திலேயே அமைந்தன. விண்டோஸ் இவற்றைப் பட்டறிந்து கற்றது. எதனை ஆள்வோராயினும் இவற்றைக் கைவிடும் உரிமையும் நமக்கு உண்டு. அவ்வுரிமையினாலேயே கேடு வருகிறது.

மாணவ நண்பர்களே! அன்றாட வேலைக்குத் தலைமைப் பயனராக நுழையாதீர். திருத்தங்கள் வந்தால் நாளைக்கென்று தள்ளாதீர். திருட்டுப் பதிப்பை விலையற்றதென்று எண்ணாதீர். அதன் விலையைப் பின்னர்ச் செலுத்த நேரிடும். அச்செடுக்கச் செல்லும்போது, அச்செடுக்க வேண்டிய ஒரு கோப்பை மட்டும் தனிப் பென்டிரைவில் எடுத்துச் செல்க. அனைத்திற்கும் மேலாக, இழக்கலாகாதது எதுவோ அதனை ஓரிடத்தில் மட்டும் வையாதீர்; எந்த இயங்குதளமும் இழந்ததை மீட்டுத்தரும் என்று உறுதி கூறாது.

நம் நண்பரின் தொகுப்பு இப்போது மூன்றிடங்களில் உள்ளது. மடிக்கணினியைத் துடைத்து, லினக்ஸ் ஏற்றிக்கொண்டார். ஒரு படி எம்மிடமும் உண்டு. இதனை எழுதுமுன், காலஞ்சென்ற அம்மூதாட்டியாரின் தாலாட்டொன்றைத் திறந்து படித்தோம். தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசையைச் சொல்லிக்கொண்டே வந்து, பேரப்பிள்ளையின் பெயரில் முடிகிறது. அப்பெயர் அழியாதிருக்கிறது.